மூன்று கரண்டிப் பொடியும் ஒரு செங்கல் பாணும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பை இருபத்திரண்டு வருடமாக இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் இருந்து வாசித்துவருகிறேன். முன்பெல்லாம் யாராவது ஊருக்குப் போய்வரும்போது பெட்டிக்குள் மிளகாய்த்தூள் பொதியைச் சுற்றிக் கொண்டுவந்த தாளாகக் கிடைக்கும், இப்போது கைபேசியில் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் மரண அறிவித்தல், பிறகு சமையல் பக்கம், நேரம் இருந்தால்தான் அரசியல். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தரம். எழுத வைத்தது நீங்கள் போட்ட 'சுலபமான இத்தாலியன் ஹெர்ப் பாண்' என்ற குறிப்பு.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கொக்குவிலில் தங்கச்சி வீட்டில் நின்றபோதுதான் அந்தக் குறிப்பு வந்தது. தங்கச்சியின் மகள் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "பெரியம்மா, நீங்கள் இத்தாலிதானே, செய்து காட்டுங்கோவன்" என்றாள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். நான் இங்கே கிழமைக்கு இரண்டு தரம் பாண் சுடுகிறவள், குறிப்பே தேவையில்லை, ஆனால் பிள்ளை தாளைப் பார்த்துச் செய்யவேண்டும் என்று நின்றதால் எழுதியிருந்தபடியே செய்தோம்.

எழுதியிருந்தது இது: கோதுமை மா இரண்டு கப், ஈஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி, இத்தாலியன் சீசனிங் மூன்று மேசைக்கரண்டி, தண்ணீர் தேவையான அளவு. சிறிது நேரம் வைத்து, பொன்னிறமாகச் சுட்டெடுக்கவும். அந்தச் சீசனிங் போத்தலை வாங்க மச்சான் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனார். உள்ளங்கையில் மறைகிற அந்தப் போத்தலின் விலைக்கு நாலைந்து இறாத்தல் பாண் வாங்கலாம் என்று வந்ததில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

மா அரை மணித்தியாலத்தில் பாத்திரத்துக்கு மேலே தலைப்பாகை கட்டின மாதிரி எழும்பி நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். போறணை சூடாக இன்னும் கால் மணி நேரம் எடுத்தது. அதற்குள் நடுவில் ஒரு குழி விழுந்து, முழுவதும் படுத்துவிட்டது. சுட்டு எடுத்தபோது வெளியே கறுப்பு, உள்ளே பசை, கிட்டப் போனால் ஈஸ்ட் நாற்றம், அதற்கு மேலே ஆஸ்பத்திரி வாசம். மச்சான் அதைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு, மதில் கட்ட இன்னும் ஐந்நூறு வேண்டும் என்றார். இத்தாலியில் இருந்து வந்த பெரியம்மாவின் மானம் அன்றோடு போயிற்று.

உங்கள் பத்திரிகையில் பிழை பிடிக்கவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் குறிப்பை எழுதியவர் அதை ஒரு தரமாவது யாழ்ப்பாணத்து வெக்கையில் செய்து பார்த்திருக்கமாட்டார் என்று என்னால் அடித்துச் சொல்லமுடியும். இரண்டு கப் மா என்றால் கிட்டத்தட்ட 250 கிராம். அதற்கு உலர்ந்த ஈஸ்ட் இரண்டரைக் கிராம் போதும், ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. ஒரு மேசைக்கரண்டி என்பது அதைப்போல நாலு மடங்கு. பனி கொட்டுகிற ஊரில், குளிர்ந்த குசினியில் அது எப்படியோ சமாளிக்கும். நிழலிலேயே முப்பத்திரண்டு பாகை நிற்கிற ஆவணி மாதத்தில் ஈஸ்டுக்கு அது கலியாண வீட்டுச் சாப்பாடு, மாவில் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் தின்று முடித்துவிட்டுக் களைத்து விழுந்துவிடும், பாண் போறணைக்குள் போகும்போது எழும்புவதற்கு ஒன்றும் மிச்சம் இராது. போதாததற்கு இரண்டு கரண்டி சீனி வேறு. வெளிப்பக்கம் கெதியாகக் கறுத்தது அந்தச் சீனியால்.

இனி அந்தப் பொடியின் கதை. ஆசிரியர் ஐயா, இத்தாலியில் 'இத்தாலியன் சீசனிங்' என்று ஒன்று இல்லை. அது அமெரிக்கக் கடைகளில் பிறந்த கலவை. நான் வேலை செய்கிற வீட்டுச் சினியோராவுக்கு, அதாவது வீட்டு அம்மாவுக்கு, எண்பத்தாறு வயது, பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில்தான் பிறந்து வளர்ந்தவர். கனடாவில் இருந்து என் சித்தி மகள் அனுப்பிய பெட்டிக்குள் அப்படி ஒரு போத்தல் இருந்தது, ஒருநாள் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார்: ஒரிகானோ, பேசில், ரோஸ்மேரி, தைம், மார்ஜோரம், சேஜ். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யார் சொன்னது காதில் விழும்?" என்று கேட்டுவிட்டு மூடித் திருப்பித் தந்தார்.

இங்கே ஒரு பாணுக்கு ஒரு இலை, மிஞ்சினால் இரண்டு. வடக்கே லிகுரியாவில், ஜெனோவாவில், ஃபொக்காச்சா என்ற தட்டைப் பாணுக்கு ஒலிவ் எண்ணெயும் உப்புந்தான் உயிர், சில வீடுகளில் மேலே கொஞ்சம் ரோஸ்மேரி. அதைக் காலையில் பால் கோப்பிக்குள் தோய்த்துச் சாப்பிடுகிற ஆட்கள் அவர்கள், நான் முதலில் பார்த்தபோது முகம் சுளித்தேன், பிறகு எங்கள் ஆட்கள் தேத்தண்ணீருக்குள் பாணைத் தோய்ப்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். சிசிலியில் என்றால் ஒரிகானோ. அதுவும் பொடியாகப் போத்தலில் இல்லை. கோடையில் பூக்கும்போது காம்போடு அறுத்து, கட்டாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். பல்லாரோவில் அந்தக் கட்டுகள் கடைக்குக் கடை தொங்கும், வேப்பம்பூ காயவைத்த மாதிரி சாம்பல் கலந்த பச்சை. சினியோரா வீட்டில் ஒரு கட்டு கடதாசிப் பைக்குள் கதவுக்குப் பின்னால் எப்போதும் இருக்கும். தேவைப்படும்போது ஒரு காம்பை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, பாணுக்கு மேலே பிடித்து உருட்டுவார். பூவும் இலையும் பொலபொலவென்று விழும், காம்பு கையில் நிற்கும். பிறகு கையைக் கழுவாமல் அப்படியே கொஞ்ச நேரம் மணந்துகொண்டிருப்பார். அந்த வாசம் போத்தலில் வராது, மூடியைத் திறந்து இரண்டு மாதம் கழிந்தால் அதற்குள் இருப்பது வைக்கோல்தான்.

இலைகளும் எல்லாம் ஒரே சாதி இல்லை, உங்கள் குறிப்பில் அதைச் சொல்லவேயில்லை. ஒரிகானோ காய்ந்த பிறகுதான் நன்றாக இருக்கும். பேசில் அப்படி இல்லை, காய்ந்தால் ஒன்றுக்கும் உதவாது, போறணைக்குள் போட்டால் கறுத்துவிடும், பாண் வெளியே வந்த பிறகு பச்சையாகக் கிள்ளிப் போடவேண்டும். ரோஸ்மேரி சூட்டைத் தாங்கும், ஆனால் எண்ணெயில் நனையாவிட்டால் ஊசி மாதிரிக் காய்ந்து பல்லுக்குள் குத்தும். மூன்றையும் ஒரே போத்தலில் அடைத்து, ஒரே நேரத்தில் மாவுக்குள் கொட்டினால் ஒன்றின் குணமும் வெளியே வராது.

இன்னொன்று. சிசிலிக்காரர் ஒரிகானோவைப் பெரும்பாலும் மாவுக்குள் குழைப்பதில்லை, மேலேதான் போடுவார்கள். 'பானே குன்சாத்து' என்று ஒன்று இருக்கிறது, சோடித்த பாண் என்று சொல்லலாம். போறணையில் இருந்து இறக்கிய சூட்டோடு பாணைக் குறுக்கே பிளந்து, ஒலிவ் எண்ணெய், உப்பு, ஒரிகானோ, தக்காளி, உப்பில் போட்ட நெத்தலி, கொஞ்சம் சீஸ். சூட்டில் எண்ணெய் உள்ளே இறங்கும்போது ஒரிகானோவின் வாசம் வீடு முழுக்க எழும்பும். வேலை முடிந்து பின்னேரம் மூன்று மணிக்கு அதைத் தின்றுகொண்டு படிக்கட்டில் இருந்த நாட்கள் எனக்கு நிறைய. நெத்தலி இருப்பதால் எங்களுக்கு அது அந்நியமாகவும் தெரியவில்லை.

வந்த புதிதில் எனக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. முதல் கிழமை சினியோரா மேசையைக் காட்டி "பானே" என்றார், பாண் என்று விளங்கிவிட்டது. பிறகு "குச்சினா" என்றார், குசினி. "ஃபோர்னோ" என்றபோது கை தானாகவே போறணைப் பக்கம் போயிற்று. இந்தக் கிழவிக்கு யாழ்ப்பாணத் தமிழ் எப்படித் தெரியும் என்று நான் திகைத்துப்போனேன். பிறகுதான் கோயிலில் ஒரு ஆசிரியர் விளங்கப்படுத்தினார்: 1619-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் எங்களுடையவை, அவர்களின் மொழியும் இத்தாலியனும் லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். 'ச்சியாபத்தா' என்று ஒரு பாண் இருக்கிறதே, உங்கள் இணைப்பில்கூட ஒரு தரம் படம் போட்டீர்கள், அந்தச் சொல்லுக்கு இத்தாலியனில் செருப்பு என்று அர்த்தம், எங்கள் சப்பாத்துக்குச் சொந்தம். சப்பையாகச் செருப்பு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். பழங்காலப் பாண் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், 1982-ல் வடக்கே அத்ரியா என்ற ஊரில் ஆர்னால்டோ கவல்லாரி என்பவர் உருவாக்கியது. நான் பிறந்ததற்குப் பிறகு பிறந்த பாண் அது.

ஊரில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருகிற பாண் ஓட்டோ மாதிரி ஒன்று இங்கேயும் உண்டு. மூன்று சில்லு வண்டியில், 'ஸ்பிஞ்சோனே' என்ற மொத்தமான பாணை வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரலில், இப்பதான் போறணையால் எடுத்தது, என்ன வாசம் என்று கத்திக்கொண்டே வருவார்கள். பதிவு எப்போது செய்ததோ தெரியாது, பாண் எப்போது எடுத்ததென்றும் கேட்கக்கூடாது. அதன் மேலே நீண்ட நேரம் வதக்கிய வெங்காயம், தக்காளி, நெத்தலி, சீஸ், பாண்தூள், எல்லாவற்றுக்கும் மேலே கை நிறைய ஒரிகானோ. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் மொன்டே பெல்லெக்ரீனோ மலைக்கு, பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போவோம், சைவம் வேதம் என்று பார்ப்பதில்லை, அம்மன் என்றுதான் போகிறோம். இறங்கி வரும்போது பிள்ளைகள் அந்த வண்டிக்காரனைக் கண்டால் நகரமாட்டார்கள். இப்படிப் பாணுக்குச் சாகிற ஊர் வருடத்தில் ஒருநாள், டிசம்பர் 13, சாந்தா லூச்சியாவின் திருநாளில், பாணைத் தொடாது. 1646-ல் பஞ்சத்துக்குள் கோதுமைக் கப்பல் ஒன்று வந்ததாம், பசியில் அரைக்கப் பொறுக்காமல் தானியத்தை அப்படியே அவித்துத் தின்றார்களாம், அந்த நினைவுக்கு இன்றும் அவித்த கோதுமைதான். சரி, பாணுக்கு வருகிறேன்.

நான் செய்கிற முறையைக் கிராம் கணக்கோடு எழுதுகிறேன். தராசு இல்லாதவர்கள் தயவுசெய்து ஒன்று வாங்குங்கள், அந்தச் சீசனிங் போத்தல்கள் வாங்குகிற காசுக்கு வந்துவிடும். கப் கணக்கில் ஒருவர் அமத்தி அள்ளுவார், ஒருவர் மெதுவாகப் போடுவார், ஐந்நூறு கிராமுக்கு நூறு கிராம் வித்தியாசம் வந்துவிடும்.

கோதுமை மா 500 கிராம். இங்கே நான் பாவிப்பது மஞ்சள் நிறமான, இரண்டு தரம் அரைத்த கடினக் கோதுமை மா, அது தண்ணீர் நன்றாகக் குடிக்கும், 350 கிராம் விடுவேன். ஊரில் கிடைக்கிற வெள்ளை மாவுக்கு 325 கிராம் போதும். உப்பு 10 கிராம், இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. கிணற்றுத் தண்ணீர் சவராக இருக்கிற இடங்களில் உப்பை எட்டாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்கவேண்டும். ஒலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி மாவுக்குள். ஈஸ்ட், அன்றே சுடுவதென்றால் 3 கிராம், இரவு பிரிஜ்ஜில் வைத்துக் காலையில் சுடுவதென்றால் 1 கிராம், அதாவது கால் தேக்கரண்டியும் ஒரு சிட்டிகையும். சீனி வேண்டாம். மாவில் இருக்கிற மாப்பொருளே ஈஸ்டுக்குப் போதும், நேரம் மட்டும் கொடுக்கவேண்டும்.

எல்லாவற்றையும் கரண்டியால் கலந்து, வறண்ட மா தெரியாத அளவுக்கு வந்ததும் விட்டுவிடுங்கள். அப்போது அது அழகாக இராது, கையில் ஒட்டும், தொழிலுக்குப் புதியவர்கள் பயந்து இன்னும் மா போடுவார்கள், போடக்கூடாது. ஈரத் துவாயால் மூடி இருபது நிமிடம் கழித்து வந்து பாருங்கள், தானாகவே இணங்கியிருக்கும். கையைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்து நடுவில் மடியுங்கள், பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் அப்படி. இருபது நிமிட இடைவெளியில் மூன்று தரம். முதல் தரம் கிழியும், மூன்றாம் தரம் புதுச் சேலைத் தலைப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அடித்துக் குழைக்கிற வேலையே இல்லை. என் அம்மம்மா ரொட்டிக்கு மா குழைத்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது வேலையாகவே தெரியாது, முழங்கை நோவுள்ளவர்களுக்கு வரப்பிரசாதம்.

பிறகு மூடி வையுங்கள். இங்கே குளிர்காலத்தில் இரண்டரை மணித்தியாலம் எடுக்கும், யாழ்ப்பாணத்தில் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மடங்காகிவிடும், அதனால் மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். எனக்குப் பிடித்தது இரவு முறைதான். பின்னேரம் ஆறு மணிக்குக் கலந்து, மடிப்புகளை முடித்து, பிரிஜ்ஜுக்குள் தள்ளிவிட்டால் அடுத்த நாள் காலை பத்து மணிவரைக்கும் அதுபாட்டுக்கு வேலை செய்யும். குளிரில் மெதுவாகப் புளிக்கும்போது ஒரு சுவை வருகிறது, அதுதான் இந்தப் பாணின் உண்மையான ருசி, எந்தப் பொடியாலும் அதைக் கொண்டுவர முடியாது. அப்பத்துக்கு இரவே மா கரைத்துப் புளிக்கவிடுகிற எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, பாண் என்றதும் ஏன்தான் அவசரப்படுகிறோமோ.

தட்டில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, மாவை மெதுவாகச் சரித்து விடுங்கள். முப்பதுக்கு முப்பத்தைந்து சென்டிமீற்றர்த் தட்டென்றால் அளவு சரி. உடனே இழுத்து ஓரம்வரை கொண்டுபோகப் பார்க்காதீர்கள், ரப்பர் மாதிரிச் சுருங்கும், அரை மணித்தியாலம் விட்டால் அதுவே படரும். போறணையை 220 பாகைக்குச் சூடாக்குங்கள், முழுதாகச் சூடாகட்டும். இனித்தான் முக்கியமான வேலை. மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு கிண்ணத்தில் போட்டுப் பால் மாதிரி வரும்வரை முள்ளுக்கரண்டியால் அடித்து, மாவின் மேல் ஊற்றுங்கள். பத்து விரலையும் பியானோ வாசிக்கிற மாதிரி வைத்து, தட்டின் அடியைத் தொடும்வரை அழுத்துங்கள். அங்கங்கே காற்றுக் குமிழி எழும்பும், உடைக்காதீர்கள். விரல் பட்ட குழியெல்லாம் உப்புத் தண்ணீரும் எண்ணெயும் தேங்கி நிற்கும், அந்த இடங்கள் சுட்ட பிறகும் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும், சுற்றியுள்ளது மொறுமொறுப்பாகும். கூட ஊற்றிவிட்டோமோ என்று பயம் வரும், வராவிட்டால் குறைய ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு மேசைக்கரண்டி ஒரிகானோவில் பாதியை இப்போது தூவி, மீதியைச் சுட்டு எடுத்ததும் சூட்டோடு தூவுங்கள். இருபதில் இருந்து இருபத்தைந்து நிமிடம். அடியைத் தூக்கித் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டின சத்தம் கேட்கவேண்டும். அரை மணி நேரம் கம்பித்தட்டில் ஆறவிடச் சொல்வார்கள், உள்ளே இன்னும் வெந்துகொண்டிருக்கும் என்பது உண்மைதான், ஆனால் என் வீட்டில் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை.

போறணை இல்லாதவர்கள் பாதி மாவை எண்ணெய் தடவிய கனமான தாச்சியில் பரப்பி, மூடி, மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம், திருப்பிப் போட்டு ஏழெட்டு நிமிடம். மேல் தோல் போறணைப் பாண் மாதிரி வராது, ருசி வரும். 2022-ல் காஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில் தங்கச்சி விறகடுப்பில் தணலைத் தள்ளி இப்படித்தான் சுட்டாள், நான் கைபேசியில் இங்கிருந்து நெருப்புக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சின்ன வயதில் நத்தார் வந்தால் அயல்வீட்டுக்காரர் கேக் தட்டைப் பேக்கரிப் போறணைக்குக் கொடுத்துவிடுவார்கள். தென் இத்தாலியில் மத்தேரா என்ற ஊரிலும் அப்படித்தானாம், ஊருக்குப் பொதுவான போறணை, யாருடைய பாண் யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வீடும் மரத்தில் செதுக்கிய முத்திரையைப் பச்சை மாவில் குத்தி அனுப்புமாம்.

ஒலிவ் எண்ணெய் விலை எனக்குத் தெரியும். மாவுக்குள் வேறு எந்த எண்ணெயும் விடலாம், மேலே ஊற்றுகிற இரண்டு கரண்டியை மட்டும் ஒலிவ் எண்ணெயாக வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயிலும் செய்து பார்த்தேன், அருமையான பாண், ஆனால் அதை இத்தாலியன் என்று சொல்லாதீர்கள், எங்களுடையது என்றே சொல்லுங்கள். மேலே எள்ளுத் தூவினால் பலெர்மோக்காரர் கோபிக்கமாட்டார்கள், அவர்களின் பாண் பலதும் எள்ளால் மூடித்தான் வரும், அராபியர் ஆண்ட காலத்துப் பழக்கம்.

ஒரிகானோவும் வாங்கத்தான் வேண்டுமா? தங்கச்சி வீட்டுக் கிணற்றடியில் கற்பூரவள்ளி புதராகக் கிடக்கிறது. சளிக்குப் பிழிந்து குடிக்கிற அதே கற்பூரவள்ளிதான். ஒரிகானோவில் வாசம் தருகிற கார்வக்ரோல், தைமோல் என்ற இரண்டும் அதிலும் இருக்கின்றன, தைமோல் எங்கள் ஓமத்திலும் நிறைய இருக்கிறது. செங்கல் பாண் சுட்டதற்கு இரண்டாம் நாள், மானத்தை மீட்கவேண்டும் என்று, கை நிறைய இலையை வெட்டி மாவுக்குள் போட்டேன். அதுவும் பிழைத்தது. இலை முழுக்கத் தண்ணீர், மா கூழாகிவிட்டது, தங்கச்சியின் மகள் ஒரு வாய் கடித்துவிட்டு இருமல் மருந்து என்றாள். இந்த வாசப் பொருட்கள் அளவுக்கு மிஞ்சினால் ஈஸ்டையும் மந்தமாக்கும், பொடி மூன்று கரண்டி போட்ட பாணில் நடந்ததிலும் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம். மூன்றாம் தரந்தான் வழி பிடிபட்டது: நாலே நாலு இலை, மிகச் சிறிதாக அரிந்து, எண்ணெயில் ஒரு நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, அந்த எண்ணெயை மேலே ஊற்றுவது. கூடவே அரைத் தேக்கரண்டி ஓமத்தைக் கையில் கசக்கித் தூவினேன். பலெர்மோ ஒரிகானோ இல்லை அது, கொஞ்சம் கூர்மை கூட, ஆனால் சினியோரா மணந்தால் முகம் சுளிக்கமாட்டார்.

பேசில் வேண்டுமென்றால் பலூடாவுக்குள் ஊறவைத்துப் போடுகிறோமே கசகசா, அது பேசில் இனத்து விதைதான். ஒரு கரண்டியை ஊறவைக்காமல் சாடி மண்ணில் தூவிவிடுங்கள், ஒரு கிழமையில் முளைத்துவிடும். துளசியைப் போடவேண்டாம், அதன் காரம் வேறு, வளவில் மாடத்தில் நிற்பதைப் பிடுங்கிப் பாணில் போட அம்மாவும் விடமாட்டா.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சமையல் குறிப்புப் போடும்போது கிராமில் போடுங்கள். 'தேவையான அளவு', 'சிறிது நேரம்' என்பவற்றைக் கறிக்கு விட்டுவிடுங்கள், கறியில் பிழைத்தால் தண்ணீர் விடலாம், பாணில் பிழைத்தால் கோழிக்குத்தான் போடலாம். பத்திரிகையில் வருமுன் அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஒரு தரம் செய்து பார்க்கட்டும். கடையில் விற்கிற பொடியின் பெயரை எழுதுகிற இடத்தில், வேலியோரம் நிற்கிற இலையின் பெயரையும் ஒரு வரி எழுதுங்கள். யாராவது வாசகி அந்த ஞாயிறு செய்து, என்னைப்போல வீட்டாரின் பகிடிக்கு ஆளாகி, பாண் சுடுவது எனக்குச் சரிவராது என்று நினைத்து விட்டிருந்தால், குறிப்பில்தான் பிழை, தன்னில் இல்லை என்று அவருக்குத் தெரியவேண்டும், அதற்காகவாவது இந்தக் கடிதத்தைப் பிரசுரியுங்கள்.

தங்கச்சியின் மகள் இப்போது ஒவ்வொரு சனி இரவும் மா கலந்து பிரிஜ்ஜில் வைக்கிறாளாம். போன கிழமை படம் அனுப்பினாள், ஒரு ஓரம் கொஞ்சம் கருகல், குழியெல்லாம் எண்ணெய், பக்கத்தில் தேங்காய்ச் சம்பல். அந்தச் சீசனிங் போத்தல் மிச்சத்தோடு இன்னும் அலுமாரியில் இருக்கிறதாம். கோழி பொரிக்கும்போது போட்டு முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
பலெர்மோ, இத்தாலி.